வளைவுக்குக் கீழே ஒரு புள்ளி

"சோலோவை எனக்குக் குடுங்க சார்."

கேட்டே விட்டாள் இசபெல்லா. ஜேசுபாதம் சாரின் மியூசிக் ஸ்கூலில் யாரும் கேட்கக் கூடாதது அது ஒன்றுதான். புதுப் பிள்ளைகள் சேருகிற அன்றைக்கே பழைய பிள்ளைகள் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிடுவார்கள். லீவு கேட்கலாம். ஃபீஸ் கட்டத் தவணை கேட்கலாம். நாற்காலி ஆடுகிறது, வேறு கொடுங்கள் என்றுகூடக் கேட்கலாம். சோலோ மட்டும் கேட்கவே கூடாது. சார் கொடுப்பார், வாங்கிக்கொள்ள வேண்டும். கொடுக்கவில்லை என்றால், கொடுக்கவில்லையே என்பது முகத்தில்கூடத் தெரியக் கூடாது.

ஹாலில் இருந்த அத்தனை வில்லும் தந்திக்கு மேலே அப்படியே நின்றன. செல்லோ வாசிக்கிற அனிஷ் மட்டும் சிரிப்பு வந்ததை இருமலாக மாற்றிக்கொண்டான். பக்கத்து நாற்காலியில் இருந்த பெனிஷா அவள் தொடையில் கிள்ளினாள்.

"ஏளா, சும்மா இரு."

சும்மா இருந்து நாலு வருஷம் ஆயிற்று.

"டிப்ளமோவுக்கு ரெண்டு வீடியோ அனுப்பணும் சார். குழுவோட வாசிச்சது ஒண்ணு, மேடையில தனியா வாசிச்சது ஒண்ணு. குழுவோட வாசிச்சது என்கிட்ட மூட்டை மூட்டையாக் கெடக்கு. தனியா வாசிச்சது ஒண்ணுகூட இல்ல. நீங்களாத் தருவீங்கன்னு பாத்துப் பாத்து, என்கூடச் சேந்தவங்க பாதிப் பேரு முடிச்சிட்டுப் போயாச்சு."

சார் கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் அடுத்து வருவது என்னவென்று எல்லாருக்கும் தெரியும். போன வருஷம் இப்படித் துடைத்துவிட்டுத்தான் ஒரு பையனை வயலினோடு வெளியே நிறுத்தினார். இசபெல்லா பல்லை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சரி," என்றார். "நீயே வாசி."

அவ்வளவுதான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொல்லிவிட்டார்.

அப்போதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஹாஸ்டலில் ஃபேன் இருக்கிற ரூமுக்கும் சண்டை, காலேஜில் சர்டிஃபிகேட்டுக்கும் சண்டை, பஸ்ஸில் மீன் வாடை அடிக்குது தள்ளி நில்லு என்றவளோடும் சண்டை. இப்படி எல்லாவற்றையும் சண்டை போட்டே வாங்கின ஒருத்திக்கு, தொட்டதும் ஒரு கதவு திறந்தால் உள்ளே யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கத் தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை. சந்தோஷத்தில் புத்தி வேலை செய்யவில்லை.

அவளுக்கு ஊர் பெரியதாழை. அப்பா ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். அந்த வீட்டில் முதல் டிகிரி அவளுடையது. பி.காம் படிக்கத் தூத்துக்குடி ஹாஸ்டலுக்கு வந்தவள், முதல் வருஷமே சாயங்கால வகுப்பில் வயலினும் கற்கச் சேர்ந்தாள். ஊர்க் கோயில் பாட்டுக் குழுவில் கீபோர்டும் தபேலாவும்தான் உண்டு. வயலினை அவள் முதன்முதலில் கையில் தொட்டதே இந்த ஸ்கூலில்தான். காலேஜ் முடிந்து வருஷம் ஒன்று ஆகியும் ஊருக்குப் போகாமல், ஒரு டியூஷன் சென்டரில் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு இங்கேயே ஒட்டிக்கொண்டிருப்பது லண்டனிலிருந்து வருகிற அந்த மியூசிக் டிப்ளமோவுக்காக. ஒரு மெட்ரிக் ஸ்கூலில் மியூசிக் டீச்சர் வேலை காத்திருந்தது. பேப்பரைக் கொண்டு வா, அன்றைக்கே சேர்ந்துகொள் என்று சொல்லியிருந்தார்கள்.

வயலின் ஸ்கூலுடையது. அதில் அவளுக்கென்று சொந்தமாக இருந்தது ஒன்றே ஒன்று. தோளுக்கும் வயலினுக்கும் நடுவில் வைக்கிற மெத்தை. கடையில் விற்கும். இவள் அப்பாவின் கிழிந்த லைஃப் ஜாக்கெட்டிலிருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்சை ஆரஞ்சுத் துணியோடு அறுத்தெடுத்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தாள். பெனிஷா அதை "உன் ஆரஞ்சு கேக்" என்பாள்.

பெனிஷா நாசரேத்துப் பெண். அவள் வீட்டில் அப்பா காலேஜ் வாத்தியார், அம்மா ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ். பியானோ ஒன்று முன் ரூமில் தூசி படிந்து நிற்கும். ஆனாலும் பணக்காரத் திமிர் கிடையாது. நாலு வருஷமாக இரண்டு பேருக்கும் ஒரே ஸ்டாண்டு, ஒரே நோட்டுத்தாள், ஒரே டப்பாவில் சாப்பாடு. இசபெல்லா கொண்டுவருகிற கருவாட்டை அவள் தின்பாள், அவள் கொண்டுவருகிற கேக்கை இவள் தின்பாள்.

அங்கே சார் உண்டாக்கி வைத்த ஒரு ஏற்பாடு உண்டு. அதற்குப் பேர் நிழல். சோலோ வாசிக்கிறவர் மேடையில் முன்னால் நிற்பார். பின்னால் குழுவுக்குள் ஒருத்தர் அதே பாட்டை அதே மாதிரி மெதுவாக வாசித்துக்கொண்டிருப்பார். முன்னால் நிற்பவர் கை எங்கேயாவது வழுக்கினால், சவுண்ட் பார்க்கிற பிரைட்டன் அண்ணன் பின்னால் இருக்கிறவர் மைக்கை ஒரு இழை ஏற்றிவிடுவார். ஹாலில் ஒருத்தருக்கும் தெரியாது. "மரம் ஏறுதவனுக்குக் கீழ ஒருத்தன் நிக்க மாட்டானா, அந்த மாதிரிதான்," என்பார் சார்.

பெனிஷாவுக்கு இரண்டு தடவை நிழலாக இருந்தது இசபெல்லாதான். பெனிஷாதான் கேட்டாள். "நீ பின்னால இருக்கன்னு தெரிஞ்சா எனக்குப் பயமே வராதுளா." ஒரு கச்சேரியில் இரண்டு வரி முழுக்க இவள் வாசித்ததுதான் வெளியே போனது. முடிந்ததும் பெனிஷா கட்டிப்பிடித்து அழுதாள். இசபெல்லாவுக்கு அன்றைக்கு எவ்வளவு பெருமை.

இப்போது தன் முறை வந்ததும் அவள் சாரிடம் தெளிவாகச் சொன்னாள்.

"எனக்கு நிழல் வேண்டாம் சார். தப்பு வந்தா என் தப்பாவே வரட்டும்."

"வேண்டாம்னா வேண்டாம்," என்றார் சார். முகம் பார்த்துத்தான் சொன்னார்.

*

பாட்டு சார் சொந்தமாக எழுதினது. ஒரு வயலின் முன்னால் போக மற்றவர்கள் கூட வருகிற மாதிரி. அதைத் தனியாக வாசிக்கப் பழகும்போதுதான், இத்தனை வருஷமாகக் கற்றதில் பாதியை மறக்க வேண்டும் என்பது இசபெல்லாவுக்கு விளங்கியது. குழுவில் வாசிக்கும்போது நம்ம சத்தம் நம்ம காதில் தனியாக விழுந்தால் தப்பு. சோலோவில் விழாவிட்டால் தப்பு. குழுவில் அடுத்தவர் மூச்சைப் பார்த்து வில்லை வைக்க வேண்டும். இங்கே நம்ம மூச்சைப் பார்த்து அடுத்தவர் வைப்பார்கள். இவள் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் பழக்கத்தில் யாரையோ தேடித் திரும்பினாள்.

ஹாஸ்டல் மொட்டை மாடியில், தண்ணித் தொட்டி மறைவில்தான் வாசித்துப் பழகுவாள். அங்கிருந்து பார்த்தால் ஹார்பர் கிரேன்கள் தெரியும். உப்புக் காற்றில் தந்தியை முறுக்குகிற பிரடை நிற்காது. சுதி சேர்த்து இரண்டு வரி வாசிப்பதற்குள் இறங்கிவிடும். தினம் சாயங்காலம் பெனிஷாவும் தன் வயலினைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். யாரும் கூப்பிடவில்லை. அவளாகத்தான் வந்தாள்.

"ஏளா, நீ மன்னிப்புக் கேக்குத மாதிரி ஆரம்பிக்க. உள்ள வரலாமா உள்ள வரலாமான்னு கதவைத் தட்டாத. வந்து உக்காரு."

"வந்து உக்காந்தா யாரும் எந்திரிக்கச் சொல்லிருவாங்களோன்னு இருக்கு."

"சொன்னா என் மடியில உக்காரு. வாசி."

அப்படித்தான் பழகினார்கள். பாட்டின் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் இடம் இருந்தது. உச்சியில் ஒரே ஒரு நோட்டு. அதன் தலையில் ஒரு வளைவு, வளைவுக்குக் கீழே ஒரு புள்ளி. ஃபெர்மாட்டா என்று பேர். அந்த அடையாளம் இருந்தால், அங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்பது வாசிக்கிறவர் இஷ்டம். அவர் நகருகிறவரைக்கும் மற்ற எல்லாரும் காத்திருக்க வேண்டும். இத்தனை வருஷமாக இசபெல்லா அந்தப் புள்ளியில் அடுத்தவர்களுக்காகக் காத்திருந்தாள். உண்மையைச் சொன்னால், அவள் சோலோ கேட்டது டிப்ளமோவுக்காக மட்டும் இல்லை. ஒரே ஒரு தடவை தனக்காக எல்லாரும் அங்கே நிற்க வேண்டும். அந்த ஆசை நெஞ்சுக்குள் முள் மாதிரிக் கிடந்தது.

ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவும் சித்தப்பாக்களும் போட்டைத் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாரும் போட்டில் கை வைத்து நிற்பார்கள். பெரிய அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒருத்தரும் பேச மாட்டார்கள், எண்ண மாட்டார்கள். அப்பா தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பார். இப்போது தள்ளுவார், இப்போது தள்ளுவார் என்று நமக்கு மூச்சு முட்டும். தள்ள மாட்டார். அப்புறம் ஓர் அலை ஓய்கிற இடத்தில், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், "தள்ளு" என்பார். போட் வழுக்கிக்கொண்டு போகும். சின்ன வயதிலிருந்து பார்க்கிறதுதான். அன்றைக்குத்தான் அவளுக்கு அந்தப் புள்ளி புரிந்தது.

மறுநாள் மாடியில் வாசித்துக் காட்டினாள். பெனிஷா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

"நீ எப்ப விடப் போறன்னே தெரியலளா. எப்பிடி எண்ணுத?"

"எண்ணல."

"எண்ணாம நான் எப்பிடி..." என்று தொடங்கினவள் நிறுத்தினாள். "நாங்க எப்பிடி உன்கூட வாரது?"

"என் மூச்சைப் பாரு."

"இரு, மறுக்கா வாசி. நானும் கூட வாசிக்கேன், அப்பத்தான் எனக்குப் பிடிபடும்." ஃபோனை எடுத்துத் தொட்டிமேல் சாய்த்து வைத்து ரெக்கார்டும் போட்டாள். அன்றைக்கு மட்டும் இல்லை, அப்புறம் தினமும். இசபெல்லா எங்கே வில்லை அழுத்துகிறாள், எங்கே விடுகிறாள், எந்த நோட்டுக்கு விரலை நடுங்க விடுகிறாள் எல்லாம் கேட்டுக் கேட்டுத் தன் கையிலும் ஏற்றிக்கொண்டாள். கடைசியில் இருவரும் சேர்ந்து வாசித்தால் ஒரு வயலின் மாதிரி இருந்தது. இப்படி ஒரு கூட்டுக்காரி யாருக்குக் கிடைப்பாள் என்று இசபெல்லா ஒரு நாள் ஜெபத்தில்கூடச் சொன்னாள்.

*

கச்சேரியை நடத்தினது துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குகிற ஒரு கம்பெனி. அவர்களுடைய ஆண்டு விழா. அழைப்பிதழில் இசபெல்லா படம் போட்டு, "கடற்கரை தந்த வயலின்" என்று அச்சடித்திருந்தார்கள். அவளுக்கு அது பிடிக்கவில்லை. கடற்கரை எதையும் தரவில்லை, பஸ் பிடித்து வந்து படித்தது அவள். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. சோலோ கிடைத்திருக்கிறதே.

ஒரு நீலச் சேலையும் கொடுத்து அனுப்பினார்கள். முந்தானை முழுக்க மீன். மேடையில் பின்னால் தெர்மாகோலில் ஆள் உயரச் சிப்பி ஒன்று, நடுவில் முத்துக்குப் பதில் ஒரு பெரிய பல்பு. அதற்கு நேர் முன்னால் அவள் நிற்க வேண்டும்.

"முத்து யாரு, நீயா, பல்பா?" என்றாள் பெனிஷா.

"பல்புக்குத்தான் கரண்ட் குடுத்திருக்காங்க," என்றாள் இசபெல்லா. சும்மா சொன்னதுதான். பெனிஷா சிரிக்காமல் வில்லுக்கு ரோசின் பிசின் தேய்க்கத் திரும்பிக்கொண்டாள்.

பிரைட்டன் அண்ணன் வந்து வயலின் ஓரத்தில் ஒரு குட்டி மைக்கை மாட்டினார். அதிலிருந்து ஒரு வயர் இறங்கி, இடுப்பில் சொருகுகிற ஒரு கறுப்புப் பெட்டிக்குப் போனது. சத்தத்தை வயரில்லாமல் ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதுதான். சோலோ வாசிக்கிறவர்களுக்குத்தான் அந்தப் பெட்டி, நிழலுக்கு வெறும் வயர்தான். இசபெல்லா இதுவரை அதைப் போட்டதில்லை. பார்க்கும்போது கனமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். தீப்பெட்டி மாதிரி லேசாக இருந்தது.

"செக் பண்ணலையாண்ணே?"

"சார் டைம் இல்லன்னுட்டாருமா. நீ வாசி, நான் பாத்துக்கிடுதேன்." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் வயரைப் பார்த்துச் சொன்னார்.

ஊரிலிருந்து ஒரு குட்டியானை வண்டி நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். அப்பா கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் மூன்றாவது வரிசை ஓரமாக, கோயிலில் உட்காருகிற மாதிரி முழங்காலில் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்திருந்தார். ஏசி குளிரில் கழுத்துத் துண்டை இழுத்து மூடிக்கொண்டார்.

இசபெல்லா முன்னால் போய் நின்றாள். சார் எதிரே கையைத் தூக்கினார். அவள் மூச்சை இழுத்தாள். கதவைத் தட்டவில்லை. வந்து உட்கார்ந்தாள்.

கை நடுங்கவில்லை. அதை அவள் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள். முதல் வரி போனது, இரண்டாவது போனது. தாடைக்குக் கீழே வயலின் அதிர்கிறபோது நம்ம சத்தம்தான் நமக்குப் பெரிதாகக் கேட்கும். வெளியே என்ன போகிறது என்று தெரியாது. ஹால் முழுக்க நிறைந்து நின்ற அந்தச் சத்தம் தன்னுடையது என்றே நினைத்தாள். அவள் அழுத்தின இடத்தில் அது அழுந்தியது. அவள் விட்ட இடத்தில் அது விட்டது.

புள்ளி வந்தது. உச்சிக்குப் போய் அந்த நோட்டில் நின்றாள். நின்றபோது அப்பா முகம் கண்ணில் பட்டது. வாய் லேசாகத் திறந்திருந்தது. இன்னும் கொஞ்சம் நிற்போம் என்று தோன்றியது. அலை இன்னும் ஓயவில்லை. பழகினதைவிட அதிகமாக நின்றாள்.

ஸ்பீக்கரில் வயலின் அடுத்த வரிக்குப் போய்விட்டது.

அவள் வில் இன்னும் அந்த நோட்டில்தான் இருந்தது. கைக்குக் கீழே அந்த நோட்டு கேட்டது. ஆனால் ஹாலில் கேட்டது அவளுடைய அடுத்த வரி. அவள் அழுத்துகிற மாதிரியே அழுத்தி, அவள் விடுகிற மாதிரியே விட்டு, அவள் இல்லாமலே போய்க்கொண்டிருந்தது. சாரைப் பார்த்தாள். சார் கை இறங்கியாயிற்று. அவர் கண் இவள் மேல் இல்லை. இவள் தோளைத் தாண்டிப் பின்னால் யாரையோ பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். பின்னால் இருந்த எல்லாரும் அந்த யாரோவோடு போய்விட்டார்கள். ஒருத்தரும் இவளுக்காக நிற்கவில்லை.

வில்லை எடுத்துக் கீழே போட்டிருக்கலாம். அப்படியே நின்றிருக்கலாம். அப்போது எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அவள் என்ன செய்தாள் தெரியுமா? ஓடிப் போய்ச் சேர்ந்துகொண்டாள். நாலு வருஷம் இரண்டாவது வயலின் வாசித்த கை. முன்னால் ஒரு சத்தம் போனால் பின்னாலேயே போய் ஒட்டிக்கொள்ளும். தன் சோலோவுக்குத் தானே பின்பாட்டு வாசித்து முடித்தாள்.

கைதட்டல் நிற்கவில்லை. பொன்னாடை போட்டார்கள், ஷீல்டு கொடுத்தார்கள். மைக் பிடித்தவர், அலையின் தாலாட்டில் வளர்ந்தவர் என்று என்னவெல்லாமோ சொன்னார்.

மேடைக்குப் பக்கத்து வாசலில் அப்பா வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"மக்கா, வீட்டுல வாசிக்கும்போது அங்கங்க கீச்சுன்னு ஒரு சத்தம் வரும்லா. இன்னைக்கு அது ஒண்ணுகூட இல்ல பாத்துக்க. சுத்தம்னா அவ்வளவு சுத்தம். நம்ம ஆளுக எல்லாம் அசந்துபோய்ட்டாங்க."

அவள் தலையை ஆட்டினாள்.

"வெளிய வண்டியில நிக்கோம். சட்டுன்னு வா. அம்மா எறா வறுத்து வச்சிருக்கா."

*

மேடைக்குப் பின்னாலிருந்த ரூமில் இடுப்புப் பெட்டியைக் கழற்றி நகத்தால் மூடியை நெம்பினாள். உள்ளே இரண்டு ஸ்பிரிங் மட்டும் இருந்தது. பேட்டரி இல்லை.

வயரைச் சுருட்டிக்கொண்டே பிரைட்டன் அண்ணன் உள்ளே வந்தார். திறந்த பெட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"பேட்டரி எங்கண்ணே?"

"சார்ட்ட கேளும்மா. போட வேண்டாம்னு அவருதான் சொன்னாரு. நான் கூலிக்கு வந்தவன்."

சுருட்டின வயரை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார். சார் வந்தபோது பின்னாலேயே பெனிஷாவும் வந்தாள். அவள் வயலினில் இன்னும் மைக் இருந்தது.

"பேட்டரி இல்லாத மைக்கை எதுக்கு சார் மாட்டுனீங்க?"

சார் முதலில் சிரித்துத்தான் பார்த்தார். "மைக் இருக்குன்னா நீ தைரியமா நிப்ப. தைரியத்துக்கு எதுக்கும்மா பேட்டரி?"

யாரும் சிரிக்காததால் அவரும் நிறுத்தினார்.

"இங்க பாரு இசபெல்லா. உன் மேல தப்பு இல்ல. முத சோலோன்னா யாருக்கும் கை நடுங்கும். வந்திருக்கிறது யாரு? நாளைக்கு நம்ம ஸ்கூலுக்குக் கட்டடமே கட்டித் தரப் போறவங்க. அவங்க முன்னால நடுங்குத சத்தத்தை விட முடியுமா?"

"நடுங்குமா நடுங்காதான்னு ஒரு தடவையாவது கேட்டுப் பாத்தீங்களா?"

"அனுபவம்னு ஒண்ணு இருக்குல்லா."

"நடுங்கல சார். நடுங்கலன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது. நீங்க கேக்கவே இல்ல. ஹால்ல ஒருத்தரும் கேக்கல."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ சோலோ கேட்டியே, அதுக்கு முந்தின நாள்தான் கம்பெனியில இருந்து பேசினாங்க. கடற்கரைப் பொண்ணு யாராவது முன்னால நிக்கணும்னாங்க. நானே உன்னைக் கூப்பிடலாம்னுதான் இருந்தேன். நீயா எந்திரிச்சுக் கேட்ட. சரின்னேன். இதுல நான் என்ன ஏமாத்திட்டேன்?"

இசபெல்லாவுக்கு அதுதான் உறைத்தது. பேட்டரி இல்லாததுகூட அப்படி உறைக்கவில்லை. கேட்டதால் கிடைத்தது என்றுதானே இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எத்தனை ராத்திரி தூக்கம் கெட்டிருக்கிறாள். அதைச் சொல்லாமல் இருந்திருந்தாலும் இதே மீன் சேலையைக் கட்டி இதே சிப்பிக்கு முன்னால் நிறுத்தியிருப்பார்கள்.

பெனிஷா பக்கம் திரும்பினாள்.

"உனக்கு எப்பத்துல இருந்து தெரியும்?"

பெனிஷா வில்லின் நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நீ ரெண்டு தடவை எனக்குச் செஞ்சேல்லா. அந்த மாதிரின்னு நினைச்சேன்."

"நீ கேட்ட, நான் செஞ்சேன். பின்னால நான் இருக்கேன்னு உனக்குத் தெரியும். எனக்குத் தெரியுமாளா? மாடியில தினமும் வந்து நின்னியே, அது எனக்காகன்னு நினைச்சேன். என்னையே பாத்துக் காப்பி எடுத்துட்டுப் போயிருக்க."

"சார் சொல்லக் கூடாதுன்னாங்க."

"என் டப்பாவுலதான சாப்பிட்ட. மெல்லும்போது ஒரு வார்த்தை சொல்ல வாய் இல்லையா?"

பெனிஷாவுக்கு அழுகை வந்துவிட்டது. "நான் உன்கூடவே வரலாம்னுதான் பாத்தேன். நீ ஏன் அந்த இடத்துல அவ்வளவு நேரம் நின்ன? சார் கைய இறக்கிட்டாங்க. நான் என்ன செய்ய?"

"அது ஃபெர்மாட்டா. எவ்வளவு நேரம் நிக்கணும்ங்கிறது வாசிக்கிறவ இஷ்டம்."

அந்த அடையாளத்தைப் போட்டு எழுதினவரும் அங்கேதான் நின்றார்.

சார் குரலை இறக்கிப் பேசினார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. வீடியோ அருமையா வந்திருக்கு. நாளைக்கே உன் பேர்ல அனுப்பிருவோம். லண்டன்ல உக்காந்து பாக்கிறவனுக்கு என்ன தெரியும்? டிப்ளமோ வந்துரும். வேலையும் ரெடியா இருக்குன்ன. உங்கப்பா மூஞ்சியைப் பாத்தியா? அந்த மனுஷனுக்காகவாவது பேசாம இரு."

அவள் வயலினை மேஜைமேல் வைத்தாள். வில்லின் திருகைத் திருப்பி முடியைத் தளர்த்தினாள். எவ்வளவு கோபம் இருந்தாலும் அதைச் செய்யாமல் மூட வராது. ரப்பர் பேண்டைக் கழற்றி ஆரஞ்சு ஸ்பாஞ்சை எடுத்துக்கொண்டு, வயலினை அதன் பெட்டியில் வைத்து மூடிச் சார் பக்கம் தள்ளினாள். ஷீல்டையும் அதன் மேலேயே வைத்தாள்.

"வீடியோவை அனுப்பாதீங்க சார். அனுப்புனா, வாசிச்சது நான் இல்லன்னு அவங்களுக்கு நானே எழுதுவேன்."

"எழுதினா ஸ்கூல் பேரு என்னாகும்னு யோசிச்சியா?"

"ஸ்கூல் பேரை நீங்க பாருங்க. எனக்கு என் பேரு இருக்கு."

"இந்த ஸ்கூலை விட்டுட்டு எங்க போய் வாசிப்ப? கையில ஒரு வயலின்கூடக் கிடையாது."

"கையில வயலின் இருந்தும் இன்னைக்கு என்னத்த வாசிச்சேன்?"

வெளியே மேடையில் குரூப் ஃபோட்டோவுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மைக்கில் அவள் பேரைச் சொன்னார்கள். இரண்டாவது தடவையும் சொன்னார்கள்.

"ஏளா இசபெல்," என்றாள் பெனிஷா. முந்தானையைப் பிடிக்கக் கையை நீட்டினாள். இசபெல்லா பேட்டரி இல்லாத பெட்டியை அந்தக் கையில் வைத்தாள்.

"பிரைட்டன் அண்ணன்ட்ட குடுத்துரு."

மேடை ஓரமாக இறங்கி, நடு வழியில் நடந்தாள். நாற்காலி அடுக்குகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். "பிரமாதம் தங்கச்சி," என்றார் ஒருத்தர். அவள் நிற்கவில்லை. பின்னால் சிப்பிக்குள் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் அத்தனை பேரும் நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு அவளுக்காக நின்றுகொண்டிருந்தார்கள்.

வாசலைத் தாண்டினதும் கடல் காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. குட்டியானை ரோட்டோரம் நின்றது. அப்பா வண்டிக்கதவில் சாய்ந்துகொண்டு யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு கீச்சு இல்லடே, ஒரு கீச்சு..." அவளைப் பார்த்ததும் அந்த முகம் மலர்ந்தது. அதை அவள் நன்றாகப் பார்த்துக்கொண்டாள். வீடு போய்ச் சேருகிறவரைக்கும் அந்த முகம் அப்படியே இருக்காது. அப்பாவிடம் முதலில் என்ன சொல்வது, அப்புறம் என்ன சொல்வது எல்லாம் அந்த ரூமிலேயே முடிவாகிவிட்டது. ஸ்பாஞ்சைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாள்.